மன்னனுக்குச் சவரம்

என் கணவருக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து தெரியாமல் போய் நாளாயிற்று. கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறார், போடமாட்டார். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர். கண்ணாடி போட்டால் பையன்கள் கிழவன் என்பார்களாம். எதைப் படிக்க வேண்டுமானாலும் செல்போனில் படம் எடுத்து, இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், அலமாரி டப்பாவில் இருப்பது சீரகமா சோம்பா என்பதுகூட. நான் சிரிப்பேன். சிரித்ததோடு விட்டேன் பாருங்கள், அங்கேதான் புத்தி கெட்டுப்போயிருக்கிறது எனக்கு.

ஜோர்டானில் இருக்கும் எங்கள் ஊரில், துருக்கியர் காலத்துக் கல்வீடு ஒன்றில், சின்னதாக ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சாவி அபூ ஷாஹிரிடம் இருக்கும். எங்கள் பக்கம் மூத்த மகன் பெயரைச் சேர்த்து, அப்பாவை அபூ என்றும் அம்மாவை உம் என்றும் கூப்பிடுவது வழக்கம். திறப்பார், கூட்டுவார், யாராவது வந்தால் டீ போட்டுக் கொடுப்பார். அவர் வருவதற்கு முன்னால் அவர் மீசை வரும் என்று ஊரில் சொல்வோம். அடர்ந்து, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. சந்தையில் விலை பேசும்போதுகூட அதைத் தொட்டுத்தான் பேசுவார். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மீசையைத் தொட்டுச் சொன்னால் அது ஆணை, அதற்கு மேல் சாட்சி கேட்பது மரியாதையில்லை.

அங்கே ஒரு கண்ணாடி அலமாரியில் பழைய காசுகள் இருக்கின்றன. எங்கள் வயல்களில், கிணறு தோண்டும்போது கிடைத்து, அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்டவை. அவற்றைப் படம் எடுத்து ஊர் பேஸ்புக் பக்கத்தில் போட வேண்டும் என்று பாரம்பரியக் குழு முடிவு செய்தது. குழுவின் செயலாளர் வேறு யார், என் வீட்டுக்காரர் அபூ யஸன்தான்.

அவர் போன் கீழே விழுந்து கேமரா கண்ணாடி நொறுங்கியிருந்தது.

"உன் போனைக் குடு, உம் யஸன். உன்னோடதுலதான் படம் பளிச்சுன்னு விழுது."

விழத்தான் செய்தது. இர்பித் நகரத்தில் என் அண்ணன் மகள் கல்யாணத்தில் நான் எடுத்துப் போட்ட என் படத்தைப் பார்த்து, "நீ பொண்ணோட அத்தையா, அக்காவா?" என்று எத்தனை பேர் கேட்டார்கள். "மாஷா அல்லாஹ் சொல்லுங்கடி, கண்ணு பட்டுடப் போகுது" என்று நானும் வெட்கப்பட்டது மாதிரி பதில் போட்டேன். அந்தப் போன் ஏன் அப்படிப் படம் எடுக்கிறது என்று யாருக்கும் நான் சொன்னதில்லை. கட்டினவருக்குக்கூட.

போனை அவர் கையில் தனியாக விட மனசில்லாமல் நானும் கூடப் போனேன். ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தால் காசு கண்ணாடி மாதிரி கூசியது. பிஸ்கட் தட்டுக்குப் போடும் வெண்ணெய்த்தாளை வெட்டி, வளையமாகச் சுற்றி நிறுத்தினேன். வெளிச்சம் மெத்தென்று ஆனது. நடுவில் ஒரு காபிக் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடிப்பாகத்தின் மேல் காசு. இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, மேலே பாலம் மாதிரி போன். அபூ ஷாஹிர் ஒவ்வொரு காசாக எடுத்துவந்து வைத்தார். அபூ யஸன் குனிந்து திரையைப் பார்த்தார், தட்டினார், திருப்பி வைத்தார், தட்டினார்.

கோட்டைச்சுவர் மாதிரி மகுடம் வைத்த ஒரு பெண்தெய்வத்தின் காசு வந்தபோது அபூ ஷாஹிர் சொன்னார்: "வாத்தியாரே, இந்தம்மாவைச் சீக்கிரம் எடுத்து அனுப்புங்க. எங்க மாமியார் மாதிரியே முறைக்கிறா."

"உன் மாமியாருக்கு யாரு காசு அடிச்சா?"

"அடிக்காததுக்குத்தானே அந்த முறைப்பு!"

மூன்று பேரும் சிரித்தோம். மூன்று பேர் கண்ணுக்கும் முன்னால், கோப்பையின் மேல், ஒவ்வொரு காசும் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நான் அதை மறக்கத்தான் பார்க்கிறேன், முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் சோபாவில் உட்கார்ந்து, பதிவு செய்தபோது எடுத்த பழைய அச்சுப்படங்களையும் புதுப் படங்களையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"உம் யஸன்! இங்க வா! இவனோட தாடி எங்க?"

பழைய படத்தில் ஒரு ரோமாபுரி மன்னன். கன்னத்திலிருந்து மோவாய் வரைக்கும் சுருள் சுருளாகத் தாடி. என் போனில் இருந்தவனுக்குக் கன்னம் வழவழவென்று இருந்தது. நெற்றியில் கோடு இல்லை. புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"மாத்திட்டான்" என்றார் அபூ யஸன். "நல்லதை வித்துட்டு டூப்ளிகேட்டை வச்சிருக்கான். டீ குடுத்தானே, சிரிச்சு சிரிச்சுப் பேசினானே!"

"அபூ ஷாஹிரா? சும்மா இருங்க. காலையில போய் இன்னொரு தரம் காசைப் பார்த்துட்டு வாங்க."

"பார்க்க என்ன இருக்கு? இதோ படத்துல பார்க்கிறோமே!"

நானும் பார்த்தேன். வழவழப்பாகத்தான் இருந்தது. வெண்டைக்காய் நறுக்கத் திரும்பிவிட்டேன்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊர்ப் பக்கத்தில் போட்டார். மேலே ஒரே ஒரு வரி: 'நம் மன்னனின் தாடியை எடுத்தது யார்?' பெயர் சொல்லவில்லை, அதனால் தப்பில்லை என்றார். சாவி ஒரே ஆளிடம் இருக்கும் ஊரில் பெயர் எதற்கு?

விடிவதற்குள் ஊர் பற்றிக்கொண்டது. 'அருங்காட்சியகத்தில் சவரம் செய்யப்படும், டீ இலவசம்' என்று ஒருவன் எழுதினான். 'கெடாவுக்கும் பண்ணுவீங்களா?' என்று இன்னொருவன் கேட்டான். அன்றிலிருந்து அபூ ஷாஹிருக்குப் பெயர் சவரக்காரர். தெருவில் போகிற பொடிசுகள்கூடக் கன்னத்தைத் தடவிக் காட்டின.

குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. அவர் மீசையைத் தொட்டாராம். "அந்த அலமாரியிலேர்ந்து ஒரு காசு வெளிய போயிருந்தா, இதை எடுத்துடறேன்" என்றாராம். அப்படிச் சொன்னால் பேச்சு அதோடு முடிய வேண்டும். ஆனால் குழுவில் ஒருத்தர், "எடுக்கத்தான் பழகிட்டியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டு, தலைநகர் அம்மானிலிருந்து அதிகாரி வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று அலமாரிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். யாரும் உள்ளே எட்டிப்பார்க்கவில்லை. படம்தான் இருக்கிறதே.

வீட்டுக்கு வந்து அபூ யஸன் இதைச் சொன்னார். அந்த 'பழகிட்டியே' என்ற இடத்தில் நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அபூ ஷாஹிர் வெளியே வரவில்லை. ஜும்ஆத் தொழுகைக்கும் வரவில்லை. அவர் மகன் ஷாஹிருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் 'கொஞ்ச நாள் போகட்டும்' என்று சொல்லியனுப்பினார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ரொட்டிக் கடையில் உம் ஷாஹிரைப் பார்த்தேன். வரிசையில் இருந்த பெண்கள் அவளுக்கு வழிவிடுவது போல ஒதுங்கினார்கள், ஆனால் அது வழிவிடுவது இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் ரொட்டி வெந்துவிட்டதா என்று அடுப்பைப் பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் விருந்து. ஆட்டுக்கறியும் சோறும் குவித்த மன்சஃப் தட்டைச் சுற்றி அபூ யஸன் வகையறா முழுக்க உட்கார்ந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் அவருடைய அத்தை உம் ஜாசிர், பேரனை மடியில் வைத்துக்கொண்டு, "உம் யஸன், எங்களை ஒரு படம் எடுடி. ஜாசிருக்கு அனுப்பணும்" என்றாள்.

எடுத்தேன். கிழவி போனை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். மோவாயைத் தடவினாள். மறுபடி பார்த்தாள்.

"ஏண்டி, என் மச்சம் எங்க?"

அவளுக்கு மோவாயில் உளுந்து அளவு மச்சம் உண்டு, அதில் மூன்று நரைமுடியும் உண்டு. படத்தில் ஒன்றும் இல்லை. மோவாய் வழவழவென்று இருந்தது.

"சவரக்காரர் இங்கேயும் வந்துட்டாரா?" என்று கேட்டாள். அறை முழுக்கச் சிரித்தது. ஒருத்தர் மாற்றி ஒருத்தர் போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்கள். என் கையில் காபித் தட்டு இருந்தது. அதை எங்கேயோ வைத்தேன், எங்கே என்று தெரியவில்லை. அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முன்னாலேயே நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கேமராவின் ஓரத்தில் குட்டியாக ஒரு முகம், பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அதைத் தொட்டுக் கடைசி வரைக்கும் தள்ளினால் சுருக்கம், கரும்புள்ளி, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, எல்லாம் போய்விடும். முகம் என்று எதைக் கண்டாலும் அது தேய்த்துவிடும். தள்ளினவள் நான். அதைத் திருப்பி இழுக்கவேயில்லை. எதற்கு இழுக்க வேண்டும், என் மூஞ்சி என்ன திரும்பி இளசாகப் போகிறதா?

எல்லோரும் போன பிறகு அவரிடம் சொன்னேன். கொலை செய்ததைச் சொல்வதுகூட இதைவிடச் சுலபமாக இருக்கும் என்று தோன்றியது.

"என்னது? அழகாக்கிறதா? எதுக்குடி உனக்கு?"

"எதுக்கா? உங்க தங்கச்சிங்க வாயில விழாம இருக்கத்தான். இப்ப அதுவா முக்கியம்?"

அவர் நம்பவில்லை. போனைத் திருப்பித் தன் முகத்தையே எடுத்தார். அவருக்கும் தாடி உண்டு, நரையும் கறுப்புமாக. படத்தில் அது பென்சிலால் தீட்டி விரலால் தேய்த்துவிட்டது போல இருந்தது. பிறகு ஊர்ப் பக்கத்தைத் திறந்து, அந்தப் படங்களை அழித்தார்.

"அவ்வளவுதான்" என்றார். "அதிகாரி வருவான், பார்ப்பான், சரியா இருக்குன்னு எழுதுவான். விஷயம் தானா அடங்கிடும்."

"நடுச்சந்தையில வச்சு ஒரு மனுஷனைச் சிரைச்சுட்டு, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே அடங்கிடும்னு சொல்றீங்களே, இது நியாயமா?"

"என்னை என்ன பண்ணச் சொல்றே? பொண்டாட்டி மூஞ்சியை வெளுக்கப் போய் இப்படி ஆச்சுன்னு சொல்லவா? பள்ளிக்கூடத்துல நான் எப்படி நிப்பேன்?"

"சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க. கோப்பை மேல காசு இருந்துச்சு. நீங்களும் பார்க்கல, நானும் பார்க்கல."

அவர் எழுந்துபோய்த் தன் குடும்பத்துப் பெரியவர் ஹாஜி நவ்வாஃபுக்குப் போன் செய்தார். வெளி முற்றத்தில் நின்று, மெல்லிய குரலில். கெஞ்சுவது போல இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது.

மறுநாள், அதிகாரிக்காகக் காத்திராமல், பெரியவர்கள் முன்னிலையில் குழுவே சீலை உடைத்தது. அபூ யஸன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனார். ஜன்னலோரம் காசைப் பிடித்தார்களாம். தாடி இருந்தது. ஒவ்வொரு சுருளும். ஹாஜி நவ்வாஃபுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிந்ததாம்.

"கிளம்புங்கடா" என்று அவர் சொல்லிவிட்டார். "கூட்டமாப் போய்த்தான் நிக்கணும்."

எங்களில் ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின் மானத்தில் கை வைத்துவிட்டால், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த வீட்டார் காபி கொடுப்பார்கள். வந்தவர்களில் மூத்தவர் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைப்பார். மன்னித்தோம் என்று சொன்ன பிறகுதான் எடுப்பார். ஆண்கள் காரியம் இது, பெண்கள் போவதில்லை. நான் போனேன். ஹாஜி நவ்வாஃப் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை.

உம் ஷாஹிர் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். "உட்காருங்க" என்றாள். எப்போதும் என்னை 'டி' போட்டுப் பேசுகிறவள். அவ்வளவு மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் மேல மட்டும் தப்பில்ல. என் போன்" என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குட்டி முகத்தை, நட்சத்திரத்தை, கல்யாணப் படத்தை. சொல்லச் சொல்ல என் முகம் எரிந்தது. முடிந்ததும் அவள் என் மூஞ்சியை உற்றுப் பார்த்தாள். நெற்றி, கண்ணுக்குக் கீழே, கன்னம் என்று மெதுவாக.

"நேர்ல நீ இப்படித்தான் இருப்பேன்னு எனக்குத் தெரியுமே" என்றாள். "அந்தக் காசும் நேர்ல அப்படித்தானே இருந்துச்சு?"

முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுதேன் என்று சொன்னால் அது எனக்கு நல்ல பேர் வாங்கித்தரும். அழவில்லை. மூடிக்கொண்டேன், அவ்வளவுதான்.

வெளியறையில் ஆண்கள் குரல் ஓய்ந்தது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜி நவ்வாஃபுக்கு முன்னால் காபிக் கோப்பை, தொடப்படாமல். அவர் பேச வாயெடுத்தவர், அப்படியே நிறுத்திவிட்டார். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அபூ ஷாஹிர் உள்ளே வந்திருந்தார். எனக்கு முதலில் யாரோ என்று தோன்றியது. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் வெளுத்த தோல். வெயிலே பார்க்காத தோல்.

"என்னப்பா இது?" என்று ஹாஜி நவ்வாஃப் கேட்டார். "காசு ஒண்ணும் போகலையே. நீ சொன்னது மாதிரிதானே இருக்கு. எதுக்கு எடுத்தே?"

"அதைத் தொட்டுச் சொன்னேன், ஹாஜி. சிரிச்சாங்க" என்றார் அபூ ஷாஹிர். கோபமாகச் சொல்லவில்லை. "தொட்டுச் சொன்னா ஊர் சிரிக்கிற மீசையை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அன்னிக்கே வீட்டுக்கு வந்து எடுத்துட்டேன்."

சிரித்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். அபூ யஸன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜி நவ்வாஃப் எழுந்து, எங்கள் குடும்பத்தின் சார்பில் கேட்க வேண்டியதைக் கேட்டார். இத்தனை பெரிய மனிதர் அவ்வளவு தடுமாறி நான் பார்த்ததில்லை.

"காபி ஆறுது, குடிங்க" என்றார் அபூ ஷாஹிர். "நீங்க வந்ததே போதும். அல்லாவுக்காக விட்டுட்டேன்." பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, ஒண்ணே ஒண்ணு. நான் பக்கத்துலதானே நின்னேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அபூ யஸன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சமாதானம் ஆனால் எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்து ஊர்ப் பக்கத்தில் போடுவது வழக்கம். அப்போதுதான் ஊருக்குத் தெரியும், பெண் வீட்டாருக்கும் தெரியும். யாரோ போனைத் தூக்கினார்கள். அப்புறம்தான் உறைத்தது. தூக்கின கை பாதியில் நின்றது.

"இன்னொரு நாள் எடுக்கலாம்" என்று ஹாஜி நவ்வாஃப் முணுமுணுத்தார். "வளர்ந்தப்புறம்."

"பையனுக்குப் பேசின பொண்ணு அதுவரைக்கும் காத்திருக்குமா, ஹாஜி?" என்றார் அபூ ஷாஹிர். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நடுவில் வந்து நின்றார். துணியின் ஓரத்தை வாய்வரைக்கும் இழுத்துக்கொண்டிருக்கலாம். குளிர்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சுற்றிக்கொள்வார்கள். அவர் இழுக்கவில்லை. நேராகப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அபூ யஸன் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதினார். தன் பெயரைப் போட்டு, என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதினார். என்னைப் பற்றி எழுத வேண்டாம் என்று யோசித்தார், நான்தான் எழுதச் சொன்னேன். கீழே அந்தப் படம். வாழ்த்துகள் வர ஆரம்பித்தன. முதல் நாள் சவரத்துக்கு டீ இலவசம் என்று எழுதினவனே 'அல்லா உங்களைப் பொருந்திக்கொள்ளட்டும்' என்று எழுதியிருந்தான். என் முகத்தைப் பற்றியும் நாலு பேர் எழுதியிருந்தார்கள். அது எனக்கு வேண்டியதுதான்.

குவைத்தில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் எழுதியிருந்தார்: 'எல்லாம் சந்தோஷம். ஆனா அபூ ஷாஹிர் படத்துல இல்லையே? அவர் மன்னிக்கலையா?'

அபூ யஸன் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "நீ பதில் போடு" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

'நடுவில் நிற்கிறார்' என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'யாரு, அந்த மீசை இல்லாதவரா?'

ஆமாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.